கிரைம் இசை: அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கை பாட்டில் எங்கே இருக்கிறது? 140-ல் போட்டாலும் என் பீட் ஏன் டிரில் மாதிரி வருகிறது?

தாளப்பித்தன்:

வணக்கம். லண்டன் கிரைம் இசை பற்றி இரண்டு சந்தேகம். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று என்பதால் ஒரே இழையில் கேட்கிறேன்.

எங்கே படித்தாலும் "நகரத்து ஏழை இளைஞர்களின் வாழ்க்கை இந்த இசையில் தெரிகிறது" என்று எழுதியிருக்கிறார்கள். போட்டுக் கேட்டால் பாதிக்கு மேல் "நீ என் கால்தூசி பெறுவாயா" என்ற சவடால்தான். அதில் வாழ்க்கையை எங்கே தேடுவது? எந்த வரிசையில் கேட்டால் பிடிபடும்?

இரண்டாவது, செய்முறை. எஃப்எல் ஸ்டுடியோ மென்பொருளில் 140 பிபிஎம் (நிமிடத்துக்கு 140 அடி) வைத்து, 808 என்ற டிரம் மெஷின் பேஸ், ஹைஹாட் தாளத்தில் மும்மை உருட்டல், நான்கு அடி கொண்ட பாரின் மூன்றாவது அடியில் ஸ்னேர் முரசு என்று போட்டேன். கேட்டவர்கள் எல்லாரும் "டிரில் நல்லா இருக்கு" என்று வேறொரு ராப் வகையின் பெயரைச் சொல்கிறார்கள். போனில் போட்டால் பேஸ் இருக்கும் இடமே தெரியவில்லை. எங்கே தப்பு?

ரோமன்ரோட்டான்:

முதலில் பெயர். தமிழில் எழுதினால் குற்றத்தைச் சொல்லும் கிரைமும் இதுவும் ஒரே எழுத்தாகிவிடுகிறது. இது கரி, பிசுக்கு, சுவரில் படிந்த அழுக்கு என்ற பொருளில் வரும் வேறு சொல் (grime). துப்பறியும் நாவல் வாசகர்கள் மன்னிக்கவும்.

சவடாலுக்குப் பதில் சொல்ல, அது எந்த இடத்தில் பிறந்தது என்று பார்க்க வேண்டும். 2000-ஐ ஒட்டிய வருடங்களில் கிழக்கு லண்டனின் போ, அஞ்சல் எண் இ3. பக்கத்திலேயே பழைய துறைமுகங்கள். 1980, 81 வாக்கில் அவை மூடப்பட்டதும் அப்பன் பாட்டன் பார்த்த கூலி வேலையும் போனது. அதே துறைமுக நிலத்தில் கேனரி வார்ஃப் வங்கிக் கோபுரங்கள் எழுந்தன. 50 மாடிக் கட்டடம் 1991-ல் முடிந்தது. கவுன்சில் குடியிருப்பின் (நகரசபை வாடகை வீட்டின்) ஜன்னலைத் திறந்தால் உச்சியில் மினுக்கும் அந்த விளக்கு தெரியும். உள்ளே நுழையத்தான் வழி கிடையாது. இந்த இசையின் முதல் தலைமுறை அந்த ஜன்னலுக்கு உள்ளே இருந்தது.

அவர்களுடைய மேடை கள்ள வானொலி. அதன் வேலைமுறை தெரிந்தால் பாட்டின் வடிவம் தானாகப் புரியும். ஸ்டுடியோ ஒரு வீட்டிலோ காலிக் கடையிலோ இருக்கும். அங்கிருந்து ஒரு சிறு இணைப்பு அலைவரிசையில் ஒலி வேறொரு கட்டடத்தின் மொட்டைமாடிக்குப் போகும். அங்கே ஒளித்து வைத்த பெட்டி அதை வாங்கி எஃப்எம்மில் விடும். இப்படிப் பிரித்து வைப்பதற்குக் காரணம் உண்டு. அதிகாரிகள் அலையைப் பின்தொடர்ந்து வந்தால் அகப்படுவது மாடியில் இருக்கும் பெட்டி மட்டும். மேஜை, மைக், இசைத்தட்டு எல்லாம் தப்பிவிடும். எஃப்எம் அலை நேர்பார்வைத் தூரம்தான் போகும் என்பதால் உயரம்தான் எல்லாம். 70 மீட்டர் உயரத்திலிருந்து தடையில்லாத சமவெளியில் கணக்குப்படி சுமார் 34 கி.மீ. எட்டும். ஏழைகளை அடுக்கி வைக்கக் கட்டிய 20, 25 மாடிக் கோபுரங்கள் இலவச ஒலிபரப்புக் கம்பங்கள் ஆன கதை இதுதான். பெட்டியை அதிகாரிகள் எடுப்பார்கள். போட்டி நிலையத்து ஆட்களும் கழற்றிக்கொண்டு போவார்கள். அந்தச் செலவுக்காக டிஜேக்கள் வாரச் சந்தா கட்டினார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு ஒலிபரப்பவில்லை, காசு கொடுத்து ஒலிபரப்பினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது சவடால். ஒரு மைக், ஆறேழு எம்சி (தாளத்துக்கு மேல் ராப் பாடுபவர்கள்), நேரடி ஒலிபரப்பு. 140-ல் ஒரு பார் 1.71 விநாடி. ஒருவருக்கு வழக்கமாக 8 அல்லது 16 பார், அதாவது 14 அல்லது 27 விநாடி. அதற்குள் யார் பேசுகிறான், ஏன் கேட்க வேண்டும் என்று நிலைநாட்டியாக வேண்டும். இல்லையென்றால் மைக் கைமாறிவிடும். கதை சொல்ல இடமே இல்லை. வரி பிடித்துப்போனால் கேட்பவர்கள் ஸ்டுடியோ போனுக்கு மிஸ்டு கால் விடுவார்கள். காசு செலவில்லாத கைதட்டு அது. போன் துடித்தால் டிஜே தட்டைப் பின்னுக்கு இழுத்து அதே இடத்தை முதலிலிருந்து விடுவார், அதுதான் ரீலோடு. ரீலோடு வாங்குவதற்கென்றே செதுக்கிய 8 பார் ஒவ்வொரு எம்சியிடமும் இருக்கும். பேட்டை ரவுடித்தனம் என்று நாம் நினைப்பதில் பாதி, 14 விநாடி வேலைக்கான நேர்முகத் தேர்வு.

இந்த நிலையங்களில் பெரிய பெயர் ரின்ஸ் எஃப்எம். 1994-ல் கள்ள நிலையமாகத் தொடங்கி 2010-ல் உரிமம் வாங்கியது. நடுவில் அதை நிறுவியவர்களில் ஒருவரான டிஜே ஸ்லிம்ஸிக்கு டவர் ஹாம்லெட்ஸ் மாடிகளில் ஏறக்கூடாது என்று 2005-ல் தடை உத்தரவே போட்டார்கள்.

வரிசை கேட்டீர்கள். 2002-ல் வந்த யங்ஸ்டாரின் "பல்ஸ் எக்ஸ்", வெறும் இசை, முதலில் அது. அடுத்து டிஸ்ஸி ராஸ்கலின் 2003 ஆல்பம் "பாய் இன் டா கார்னர்". பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 18. அதைக் குறைந்தது மூன்று முறை கேளுங்கள்; முதல் முறை தலைவலிதான் வரும். பிறகு இணையத்தில் கிடைக்கும் பழைய வானொலிப் பதிவுகள், ஒரு மணி இரண்டு மணி நீளம். உண்மையான கிரைம் அங்கேதான் இருக்கிறது. ஆல்பம் என்பது அதை வடிகட்டி எடுத்தது. 2014-க்குப் பிந்தைய ஸ்கெப்டா, ஸ்டார்ம்ஸி எல்லாம் அப்புறம்.

எட்டுக்கட்டை:

செய்முறைக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன மூன்றுமே டிரில்லின் அடையாளங்கள்: சறுக்கும் 808, மும்மை ஹைஹாட், பாதி வேகத்தில் விழும் ஸ்னேர். லண்டன் டிரில் 2012-ஐ ஒட்டி பிரிக்ஸ்டன் பக்கம் சிகாகோ பாணியிலிருந்து முளைத்தது. கிரைமோ உள்ளூர் நடன இசைகளான கராஜ், ஜங்கிள், அவற்றோடு ஜமைக்கா டான்ஸ்ஹால் கலந்த குட்டி. வேகம் ஏறத்தாழ ஒன்றே என்பதால்தான் குழப்பம். 140 என்ற எண் ஒன்றையும் நிரூபிக்காது.

ஏன் 140 என்று கேட்டால் பழைய ஃப்ரூட்டிலூப்ஸை (எஃப்எல் ஸ்டுடியோவின் முந்தைய பெயர்) திறந்தவுடன் 140 நிற்கும், பிள்ளைகள் மாற்றவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் கராஜ் 130-லிருந்து ஏற்கெனவே மேலே ஏறிக்கொண்டிருந்தது. டிஜே மேஜையின் வேகச் சறுக்கி 8 சதவீதம் கூட்டும் குறைக்கும். 140-ல் செய்த தட்டை 129 முதல் 151 வரை எதனோடும் சேர்க்கலாம். அந்த வசதியும் சேர்ந்தது என்பது என் கணிப்பு.

தாளத்தை இப்படிப் பிடியுங்கள். ஒரு பாரில் எட்டு அரை அடி. அதை "தகிட தகிட தக" என்று சொல்லிப் பாருங்கள்: 3, 3, 2. பாரைப் பதினாறு கட்டமாகப் பிரித்தால் 1, 7, 13 என்று விழும். கிக் (கனத்த அடிமுரசு) 1-ல்; கிளாப் (கைதட்டு ஒலி) 7-லும் 13-லும். கூடுதல் கிக் 4-ல் ஒன்று, 11-ல் ஒன்று. ஹைஹாட்டை உருட்டாதீர்கள், ஒற்றைப்படைக் கட்டங்களில் நேராக வையுங்கள், நடுவில் இரண்டு மூன்றை எடுத்துவிடுங்கள். ஸ்விங் பூஜ்யம். கராஜ் ஊஞ்சலாடும், கிரைம் விறைத்து நிற்கும். இது ஒரு தொடக்க அச்சுதான், சட்டம் இல்லை. கராஜைப் போல இரண்டிலும் நான்கிலும் ஸ்னேர் விழும் கிரைமும் நிறைய உண்டு.

பேஸ்: 808-ஐத் தூக்கிப் போடுங்கள். எந்த சிந்தசைசராக இருந்தாலும் சதுர அலை ஒன்று, ஒரே சமயத்தில் ஒரே ஸ்வரம் ஒலிக்கும் மோனோ நிலை, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு 60 முதல் 100 மில்லி விநாடிச் சறுக்கு, 600 ஹெர்ட்ஸ் பக்கம், அதற்கு மேலுள்ளதை வெட்டும் லோ-பாஸ் வடிகட்டி. கிரைம் முன்னோடி வைலியின் "எஸ்கிமோ" பாட்டுக் காலத்துக் கோர்க் ட்ரைட்டன் கீபோர்டு பேஸின் எலும்புக்கூடு கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

போனில் பேஸ் காணாமல் போவதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சுத்தமான 808 சைன் அலைக்கு நெருக்கம். 49 ஹெர்ட்ஸ் அடித்தால் 49 மட்டும்தான், போன் ஸ்பீக்கருக்கு அது எட்டாத இடம். சதுர அலையில் ஒற்றைப்படை மேற்சுரங்கள் கூடவே வரும்: 147, 245, 343. அடிச்சுரம் கேட்காவிட்டாலும் இவற்றை வைத்து மூளை பேஸை ஊகித்துக்கொள்ளும். படுக்கையறை ஸ்பீக்கர், கள்ள எஃப்எம், பிறகு பஸ்ஸின் பின்சீட்டில் போன் என்று எதில் ஒலித்தாலும் பாட்டு செத்துப் போகாததற்குக் காரணம் இது. லண்டனில் 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2005-ல் பஸ் இலவசமானது. மாடித்தட்டில் போனை அலறவிட்ட பிள்ளைகளைப் பெரியவர்கள் திட்டினார்கள் என்பது வேறு விஷயம். பாட்டுக்கு அதைவிட நல்ல விநியோகம் கிடையாது.

கருவி மலிவு என்பதும் ஓசைக்குள் இருக்கிறது. பள்ளிக்கூட இசையறைக் கணினி, இரவல் மென்பொருள், சிலருக்கு பிளேஸ்டேஷனில் பீட் செய்யும் மியூசிக் 2000 விளையாட்டு. மாதிரி ஒலிகள் சொற்பம், எதிரொலி போட்டு மினுக்கும் கலைக்கு நேரமும் இல்லை. அதனால் இடைவெளி வெறுமையாக, குளிராக இருக்கும். நீங்கள் எதிரொலியைத் தாராளமாகப் போட்டிருந்தால் அதையும் குறையுங்கள்.

அமைப்பு: 8 பாருக்கு ஒருமுறை ஏதாவது மாற வேண்டும். பேஸ் வரி மாறலாம், கிக் நிற்கலாம். "பல்ஸ் எக்ஸ்" தட்டின் ரகசியமே 8 பார் ஒரு முகம், 8 பார் மறுமுகம் என்பதுதான். இரண்டு எம்சி மாறி மாறிப் பாட அளவெடுத்துத் தைத்தது. 7 அல்லது 9 பாரில் மாற்றினால் எம்சியின் முத்தாய்ப்பு வரி அந்தரத்தில் தொங்கும். டிஜேக்கும் இதே விதி. அடுத்த தட்டை 8-ன் எல்லையில் விடாவிட்டால் வேகம் பொருந்தியிருந்தாலும் பாட்டு இடறும். 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை குரலின் நிலம், அங்கே மெட்டைக் கொட்டாதீர்கள். தனியாகக் கேட்கும்போது "என்னமோ குறைகிறதே" என்று தோன்றினால் பீட் சரியாக வந்திருக்கிறது.

ஈஸ்ட்ஹாம் பெடியன்:

எட்டுக்கட்டை அண்ணை ஓசையைச் சொல்லிட்டார். நான் பாசையைப் பற்றி மட்டும் சொல்லுறன், ஏனெண்டால் கன பேர் அங்கதான் வழுக்கி விழுகினம்.

அகராதியை வைச்சுக்கொண்டு வரியைப் பிரிச்சால் ஒண்டும் பிடிபடாது. "மேன்டெம்" எண்டால் எங்கட பெடியள், கூட்டாளியள். "எண்ட்ஸ்" எண்டால் முடிவு இல்லை, வளர்ந்த தெருப்பக்கம். "பேர்" எண்டால் வெறுமை இல்லை, எக்கச்சக்கம். "பீக்" உச்சம் இல்லை, நிலைமை நாறிப் போச்சு. "வேஸ்ட்மேன்" உதவாக்கரை. முக்கியமான ஒண்டு, "மேன்" எண்டு பாடேக்க அது பெரும்பாலும் பாடுறவனைத்தான் குறிக்கும். நான் எண்டு சொல்லுறதுக்குப் பதிலாய் "ஒருத்தன்" எண்டு சொல்லுற மாதிரி. அதைத் தவறவிட்டால் யார் அடிக்கிறான், யார் அடி வாங்கிறான் எண்டே மாறிப் போகும்.

மொழியியல் ஆக்கள் இதுக்குப் பல்பண்பாட்டு லண்டன் ஆங்கிலம் எண்டு பேர் வைச்சிருக்கினம். ஜமைக்காப் பேச்சின்ர சாயல் கூட. ஆனால் கதைக்கிறது கறுப்பினப் பிள்ளையள் மட்டும் இல்லை. வங்காளி, சோமாலி, துருக்கி, வெள்ளை, தமிழ் எண்டு ஒரே பள்ளிக்கூடத்தில படிச்ச எல்லாப் பிள்ளையளின்ர வாயிலும் அதுதான். தாய் தேப்பன் எந்த நாடு எண்டதைவிட எந்தச் சிநேகிதரோட திரியிறாய் எண்டதுதான் பேச்சைத் தீர்மானிக்குது. கிழக்கு லண்டன் நியூஹாமும் கிரைமின்ர தாய்வீடுகளில ஒண்டு. எம்சி கேனோ ஈஸ்ட்ஹாம், எம்சி கெட்ஸ் பிளெய்ஸ்டோ. எங்கட சனம் நகைக்கடைக்கும் மரக்கறிக்கும் போற ஹை ஸ்ட்ரீட் நோர்த் இருக்கிற அதே ஈஸ்ட்ஹாம்தான்.

ரோமன்ரோட்டான் சொன்ன 16 பாருக்கும் இந்தப் பாசைக்கும் ஒரு தொடுப்பு இருக்கு. வழமையான ஆங்கிலத்தில அழுத்தம் விழுற அசை நீளும், மற்றது சுருங்கும். இந்தப் பேச்சில ஒவ்வொரு அசைக்கும் கிடைக்கிற நேரம் கிட்டத்தட்டச் சமன். 140-ல ஒரு பதினாறில் ஒரு கட்டம் 107 மில்லி விநாடி. அசையள் எல்லாம் ஒரே அளவாய் இருந்தால் கட்டத்துக்கு ஒண்டாய் அடுக்கிக்கொண்டு போகலாம், இடறாது. அமெரிக்க ராப்பில பழகின ஆக்கள் இந்த பீட்டில ஏறினால் சில வேளை பிந்தி வாறது இதாலதான் எண்டு நினைக்கிறன்.

பாட்டில அஞ்சல் எண் வந்தால் அதையும் சும்மா விடாதேங்கோ. இ3 எண்டால் போ, இ7 எண்டால் ஃபொரஸ்ட் கேட். ஊர்ப்பேர் சொல்லுற மாதிரித்தான். எண்ட்ஸ் விட்டு எண்ட்ஸ் போறது சில பிள்ளையளுக்கு ஆபத்து. பஸ் எந்த வழியால போகும் எண்டதுகூட யோசிச்சு ஏற வேண்டிய விசயம். அந்தப் பயமும் பெருமையும் ஒரே எண்ணுக்குள்ள இருக்கு.

கோப்பெடுத்தான்:

எல்லாரும் தொழில்நுட்பத்திலேயே நிற்கிறீர்கள். போலீஸைச் சொல்லாமல் இந்தக் கேள்வி முடியாது.

லண்டன் பெருநகரக் காவல்துறை 2005 முதல் ஒரு படிவம் வைத்திருந்தது, எண் 696. நிகழ்ச்சிக்கு 14 நாள் முன்னதாக நிரப்ப வேண்டும்: பாடுபவர்களின் உண்மைப் பெயர், புனைபெயர், வீட்டு முகவரி, போன் எண். முதல் பதிப்பில் என்ன வகை இசை, எந்த இனத்தவர் வருவார்கள் என்ற கேள்விகளும் இருந்தன. எதிர்ப்புக்குப் பிறகு அவற்றை நீக்கினார்கள். ஆனால் விஷமம் வேறிடத்தில் இருந்தது. பதிவு செய்த இசைக்கு மேல் டிஜேயோ எம்சியோ நிகழ்த்தும் நிகழ்ச்சிகளுக்குத்தான் படிவம். கிட்டார் வைத்த குழு தப்பித்துவிடும், கிரைம் மாட்டிக்கொள்ளும். இனத்தின் பெயரைச் சொல்லாமலே ஆளைப் பொறுக்கும் சல்லடை. அரங்க உரிமையாளர்கள் வம்பு வேண்டாம் என்று நிகழ்ச்சியையே ரத்து செய்தார்கள். நவம்பர் 2017-ல் படிவம் ஒழிந்தது.

மேடை கிடைக்காததன் விளைவும் இசையில் தெரியும். படிவம் வருவதற்கு முன்பே வாய்ச்சண்டை டிவிடியில் இடம் பிடித்திருந்தது. 2004-ல் எம்சி ஜாமர் தன் வீட்டு நிலவறையில் எடுத்த "லார்ட் ஆஃப் தி மைக்ஸ்" அதற்கு அடையாளம், கேனோவும் வைலியும் நேருக்கு நேர். கூடவே சேனல் யு தொலைக்காட்சி, பிறகு யூடியூப். அதே 2004-ல் லீத்தல் பிஸ்ஸிலின் "பவ்" பாட்டைச் சில கிளப்புகள் குரல் நீக்கிய இசைகூட ஒலிக்கக்கூடாது என்று தடை செய்தன. ஆட்டம் மிஞ்சி அடிதடி ஆகிறதாம்.

16 முதல் 18 வயதுப் பிள்ளைகள் படிப்பைத் தொடர வாரம் 10 முதல் 30 பவுண்டு வரை கிடைத்த உதவித்தொகையை 2010-ல் இங்கிலாந்தில் நிறுத்த முடிவெடுத்தார்கள். பல்கலைக்கழகக் கட்டண உச்சவரம்பு 9,000 பவுண்டானது. டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வெளியே கூடிய பிள்ளைகள் ஒலிபெருக்கியில் போட்ட பாட்டுகளில் அதே "பவ்" இருந்தது. வரியில் அரசியல் ஒரு சொல்கூடக் கிடையாது. தாளப்பித்தன், நீங்கள் தேடும் வாழ்க்கை சில நேரம் இப்படித்தான் வெளியே வரும். பாட்டில் எழுதியிருக்காது, பாட்டை எங்கே போட்டார்கள் என்பதில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மொத்த இளைஞர் வாழ்க்கையும் இதில் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் அறை இது. ஷிஸ்டி, நோலே போன்ற பெண் எம்சிகள் தொடக்கத்திலேயே இருந்தும் மைக் கைக்கு வருவது அபூர்வம். முன்னோடிகளை முழுதாகத் தூக்கிப் பிடிக்கவும் முடியாது. வைலி 2020-ல் யூதர்களுக்கு எதிராக எழுதிய பதிவுகளுக்குப் பிறகு நிர்வாகமும் ஒப்பந்தங்களும் கைவிட்டன, அரசு கொடுத்த எம்பிஇ பட்டமும் 2024-ல் பறிபோனது. "எஸ்கிமோ" இல்லாமல் வரலாறு எழுத முடியாது என்பதும் உண்மைதான்.

தாளப்பித்தன்:

எல்லாருக்கும் நன்றி. தகிட தகிட தக போட்டுப் பார்த்தேன், டிரில் வாசனை போய்விட்டது. பேஸும் போனில் கேட்கிறது. இப்போது இரண்டு புதுத் தொல்லை. கிக்கும் பேஸும் சேரும் இடத்தில் ஒலி மழுங்குகிறது. நண்பர் மைக் பிடித்தால் கீச்சென்று ஊளையிடுகிறது. வீடியோக்களில் பார்ப்பது போலத்தான் பிடிக்கிறார்.

எட்டுக்கட்டை:

மழுங்கல்: இரண்டும் 50 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரே நேரத்தில் தள்ளுகின்றன. பேஸை கிக்கோடு சேர்த்துத் தொடங்காமல் ஒரு கட்டம் தள்ளி, 2-லிருந்து தொடங்குங்கள். கிரைமில் பேஸ் கிக்குக்குப் பதில் சொல்லும், கூட நிற்காது. அப்படியும் போதாவிட்டால் கிக்கின் அடிச்சுரத்தை 60-க்கு மேல் ஏற்றுங்கள், இல்லை கிக்கையே மெலிதாக்குங்கள். மொத்த அளவில் 6 டெசிபல் இடம் விடுங்கள், குரல் வந்தால் உட்கார வேண்டுமே.

ஊளை: நண்பர் மைக்கின் வலைத்தலையை உள்ளங்கையால் பொத்துகிறார். அந்த மைக் முன்பக்க ஒலியை மட்டும் எடுப்பதற்குக் காரணமே தலைக்குப் பின்னால் இருக்கும் காற்றுத் துளைகள். அவற்றை அடைத்தால் எல்லாப் பக்கமும் கேட்கும், ஸ்பீக்கரையும் சேர்த்து. 300 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை மூக்கடைத்த குரலும் வரும். எம்சிகள் அப்படிப் பிடிப்பது தோரணைக்கு. வானொலி ஸ்டுடியோவில் ஸ்பீக்கர் சத்தம் குறைவாக இருந்தால் தப்பித்துவிடலாம். கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் மைக்கின் பின்பக்கம் இருக்கட்டும்.